பிள்ளையை எங்கே சேர்ப்பது? ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு முன்னால் உள்ள நான்கு வழிகள்

ஏப்ரல் 15-ஆம் தேதி தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையேறிவிட்டால் எங்கள் ஊரில் இரண்டு பேச்சுதான். ஒன்று, எஞ்சின் வேலையும் வலை வேலையும். இன்னொன்று, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது.

நான் மீன் ஏலக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். ஊர்த் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகவும் இருக்கிறேன். அதனால் இந்த இரண்டு மாதமும் ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள். "அண்ணே, ஆர்டிஇ-ல (கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் பள்ளி இடம்) போட்டா காசே கிடையாதாமே?" "மிஷன் பள்ளிக்கூடத்துல சேத்தா ஒழுக்கமா வருமா?" "மெட்ரிக்ல போட்டுட்டு பத்து வருசம் இழுக்க முடியுமாண்ணே?" பாம்பனிலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் தொண்டியிலிருந்தும் போனில் கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

ஆங்கிலம் பேசுகிறார்களா, டை கட்டுகிறார்களா என்பதைத்தான் பலர் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு.

முதலாவது, ஜூன் மாதக் கை. நம் கடற்கரையில் தடைக்காலம் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளிக்கூடம் ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிடும். படகு கடலுக்குப் போகும் முன்னாலேயே கட்டணம், நோட்டு, சீருடை, வேன் முன்பணம் எல்லாம் வந்து நிற்கும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அது அரிசிக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். வருடக் கட்டணம் எவ்வளவு என்பதைவிட அதை எந்த மாதம் கேட்கிறார்கள் என்பதுதான் நமக்குப் பெரிய கேள்வி.

இரண்டாவது, பிள்ளை மூன்றாம் வகுப்பு முடிக்கும்போது தமிழில் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் படிக்குமா என்பது. மூன்றாவது, எட்டாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அப்புறம் எந்தக் கதவு திறக்கும், எது மூடும். நான்காவது தூரம். ஐந்தாவதைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை: அந்தப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அது நின்றால் யார் தலையில் விழும்?

## டெல்லி, சென்னைத் தகராறு நம் ஊருக்குள் வரும் விதம்

டிவியில் கல்வி நிதி விவாதம் ஓடினால் நம் ஆட்கள் சேனலை மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டாம்.

2018-ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு போடுகிறது. 2022-ல் வந்த பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேர, மூன்று மொழி படிக்கச் சொல்லும் 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாடு மாட்டேன் என்றது. அதைக் காரணமாக வைத்து 2024-25-க்கான சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. மாநில அரசு 2025 மே மாதம் வட்டியோடு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்டில் இருமொழியை வலியுறுத்தித் தனக்கென ஒரு மாநிலக் கல்விக் கொள்கையும் வெளியிட்டது.

இந்த மாநிலத்தின் பள்ளிக் கல்விக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 46,767 கோடி. ஆக, ஆசிரியர் சம்பளத்தில் பெரும்பங்கு மாநிலத்தின் பணம். டெல்லிப் பணம் நின்றால் பள்ளிக்கூடம் பூட்டிவிடாது. நின்றுபோவது சின்னச் சின்ன விஷயங்கள். எங்கள் பள்ளியில் நடக்க முடியாத பையன் ஒருவன் இருக்கிறான். சமக்ர சிக்ஷா சம்பளத்தில் வேலை செய்யும் சிறப்பாசிரியர் அவனுக்காக வருவார். தட்டில் கடற்கரை மணலைப் பரப்பி, அவன் விரலைப் பிடித்து "அ" போட வைப்பார். அந்தச் சுழியை முடிக்க அவனுக்கு அரை நிமிடம் ஆகும், அவர் அவசரப்படுத்த மாட்டார். 2024-ல் இந்தத் திட்ட ஊழியர்களின் சம்பளம் தள்ளிப்போனபோது, பெட்ரோலுக்குக் கடன் வாங்கிக்கொண்டு வண்டியில் வந்தார். கோடிக்கணக்கில் பேசப்படும் தகராறு கடைசியில் வந்து நிற்கும் இடம் அந்த மணல் தட்டு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் கட்டும் வரியிலிருந்து ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கு வரவேண்டிய பணத்தை, வேறொரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதற்காக நிறுத்தி வைத்தது அநியாயம். "கையெழுத்துப் போட்டால்தான் என்ன, இன்னொரு மொழி படிக்கட்டுமே" என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கும் ஒரு பள்ளிக்கு மூன்றாம் மொழி ஆசிரியர் எங்கிருந்து வருவார்? முதலில் அந்தக் காலி இடத்தை நிரப்பட்டும். அதே நேரம் மாநில அரசின் பக்கமும் பிழை உண்டு. அதை ஆர்டிஇ பகுதியில் சொல்கிறேன்.

## ஊர் அரசுப் பள்ளி

கட்டணம் கிடையாது. புத்தகம், சீருடை, பை, செருப்பு, பஸ் பாஸ் எல்லாம் வரும். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. விடிவதற்கு முன்பே மீன் எடுக்கக் கரைக்குப் போகும் அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஊரில் இருந்து பார்த்தால்தான் புரியும். முன்பெல்லாம் நீத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்து, பத்து மணிக்கு டெஸ்கில் தலையைக் கவிழ்க்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அடுத்தது, எதிர்காலக் கதவுகள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2020-லிருந்து இருக்கிறது. 2021-லிருந்து பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் உண்டு. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்களின் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரியில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

மறைவான செலவு இங்கேயும் இருக்கிறது. அதில் பெரியது ஆசிரியர் இல்லாத நாட்கள். நம் கரைக்கு வேறு மாவட்டத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் பலர், மாறுதல் கலந்தாய்வு வந்ததும் சொந்த ஊர் பக்கம் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். 2022-ல் மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய்தான் சம்பளம். பின்னால் கூட்டினார்கள். படித்த ஒரு பெண்ணை அந்தச் சம்பளத்துக்கு எத்தனை நாள் நிறுத்தி வைக்க முடியும்?

அப்புறம், பள்ளியின் கைச்செலவுப் பணம். சமக்ர சிக்ஷாவில் பள்ளி மானியத்தைத் தலை எண்ணித்தான் தருகிறார்கள். 30 பிள்ளை வரை வருடத்துக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. எங்கள் பள்ளிக்கு 25,000. இதில்தான் சாக்பீஸ், பதிவேடு, பினாயில், குழாய் வாஷர், மோட்டார் ரிப்பேர் எல்லாம். உப்புக் காற்றில் ஃபேன் மூடியும் கதவுக் கீலும் நம் ஊரில் எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். உள்நாட்டுப் பள்ளிக்கும் கடற்கரைப் பள்ளிக்கும் ஒரே தொகை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

தலை எண்ணுவது ஆசிரியர் விஷயத்தில் இன்னும் கடுமை. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்ப்பதற்கும் மூன்று பேர் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஒரு தெருவிலிருந்து நாலு பிள்ளை வேன் ஏறினால், மிச்சமிருக்கும் பிள்ளைகளின் ஆசிரியரும் சேர்ந்து போகிறார்.

யாருக்கு இது சரி: இரண்டு ஆசிரியராவது நிலையாக இருக்கும் பள்ளி நடை தூரத்தில் இருந்தால், எல்லோருக்கும். பனைத் தொழில் குடும்பங்களுக்குக் கட்டாயம் இதுதான். சாயல்குடிப் பக்கம் பதநீர்க் காலத்தில் பனங்காட்டிலேயே குடிசை போட்டுத் தங்குகிறவர்கள் உண்டு. பிள்ளை இரண்டு மாதம் வராவிட்டாலும் பெயரை நீக்காமல் தேடி வருவது அரசுப் பள்ளி ஆசிரியர்தான்.

யாருக்கு யோசனை தேவை: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரிடம் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று பேர் திணறினால், சேர்ப்பதற்கு முன் தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கோபமாக வேண்டாம். "எண்ணும் எழுத்தும்" 2022-லிருந்து இதற்காகவே நடக்கும் திட்டம். என்ன நடக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

## அரசு உதவி பெறும் பள்ளி

பங்குக் கோயில் வளாகத்தில் இருப்பது, ஜமாத்தார் அல்லது அறக்கட்டளை நடத்துவது என்று நம் கரையில் இவை நிறைய. கலாம் படித்த ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியும் மிஷன் பள்ளிதான். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் அரசு தரும், கட்டடமும் நிர்வாகமும் அவர்களுடையது. ஆசிரியர்கள் பல வருடம் ஒரே பள்ளியில் இருப்பார்கள். அப்பாவுக்குப் பாடம் எடுத்தவரே மகனுக்கும் எடுப்பார். இது சாதாரண பலம் இல்லை. கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 முதல் காலை உணவும் வந்துவிட்டது.

ஆனால் சேர்க்கும்போது யாரும் சொல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இந்தப் பள்ளிகளுக்குக் கிடையாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே படித்த மீனவர் மகள், பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த மீனவர் மகளைவிட அதிக மதிப்பெண் வாங்கினாலும் அந்த வரிசையில் நிற்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டது. கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்ட பெண். அவள் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அஞ்சாவதுலயே ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்ல?" அதற்குப் பிறகுதான் எங்கள் குழுக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு இதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினோம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை மட்டும் தமிழ் வழியில் படித்த உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உண்டு.

இரண்டாவது, ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளி இருக்கலாம். தமிழ் வழிக்கு அரசு சம்பளம், ஆங்கில வழிக்குச் சுயநிதி. வாசல் ஒன்று, சீருடை ஒன்று, ரசீது மட்டும் வேறு. சுயநிதிப் பிரிவு என்றால் கட்டணமும் உண்டு, மேலே சொன்ன உதவித்தொகையும் கிடையாது. "இந்தப் பிரிவு உதவி பெறுவதா, சுயநிதியா?" என்று நேராகக் கேளுங்கள்.

யாருக்கு இது சரி: ஊர் அரசுப் பள்ளியில் ஆசிரியர் நிலையில்லை என்றால் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நல்ல வழி. ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறிவிட்டால் 7.5 கதவும் திறந்தே இருக்கும். பத்துக் கிலோமீட்டருக்குள் அரசு மேல்நிலைப் பள்ளியே இல்லாத ஊர்க்காரர்கள் தூரத்தையும் ஒதுக்கீட்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளையை அந்தத் தூரத்துக்கு அனுப்பப் பயந்து படிப்பையே நிறுத்துவதைவிட, பக்கத்து உதவி பெறும் பள்ளியில் முடிப்பது எவ்வளவோ மேல்.

## ஆர்டிஇ 25 விழுக்காட்டில் தனியார் பள்ளி

அதிகமாகக் கேட்கப்படுவதும் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். அவர்களின் கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுக்கும். நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

நம் கரைக்கு இதில் மூன்று சிக்கல். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் போன்ற ஊர்களில் சரி. கடலோரக் குப்பங்களில் ஒரு கிலோமீட்டருக்குள் எந்த மெட்ரிக் பள்ளி இருக்கிறது? அடுத்து, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 விழுக்காடு பொருந்தாது என்பது 2014-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இங்கே தனியார் பள்ளிகளில் அப்படிப்பட்டவை கணிசம். மூன்றாவது, எட்டாம் வகுப்போடு இது முடிந்துவிடும். ஒன்பதில் முழுக் கட்டணம்.

பணம் நின்றால் யார் தலையில் விழும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். இந்தக் கட்டணத்திலும் ஒன்றிய, மாநிலப் பங்கு இருக்கிறது. சமக்ர சிக்ஷா பணம் வரவில்லை என்று 2025-26 சேர்க்கையை மாநில அரசு ஜூனில் தொடங்கவே இல்லை. ஆர்டிஇ நிதியை அந்தத் தகராறோடு முடிச்சுப் போடக் கூடாது, ஒன்றியப் பணம் வரவில்லை என்று மாநிலமும் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் பாதி வருடம் போய்விட்டது. மாநிலத்தின் பிழை என்று நான் முன்பு சொன்னது இதைத்தான்.

கட்டணம் அரசு கட்டினாலும் புத்தகம், சீருடை, வேன் என்று பில் வரும். சீருடை, புத்தகச் செலவும் அரசே ஏற்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது, ஆனாலும் பெற்றோரிடம் கேட்பது நிற்கவில்லை. காலை உணவும் மதிய உணவும் அங்கே கிடையாது. அந்த டப்பாவை யார் கட்டுவது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

நல்ல செய்தி ஒன்று: ஆர்டிஇ-ல் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவ 7.5 ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாறுதலை எல்கேஜியிலேயே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது சரி: டவுனில் வீடு, கையெட்டும் தூரத்தில் பள்ளி, வேன் தேவையில்லை, வீட்டில் பாடம் சொல்லித்தர ஒருவர் இருக்கிறார் என்றால் விண்ணப்பிக்கலாம். குலுக்கலை நம்பி அரசுப் பள்ளிச் சேர்க்கையைத் தள்ளிப்போட வேண்டாம்.

## கட்டணம் கட்டி மெட்ரிக், சிபிஎஸ்இ

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அப்பா வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ நிலையான வேலையில் இருந்து, குடும்பத்தை அங்கே அழைத்துக்கொள்ளும் எண்ணமும் இருந்தால் சிபிஎஸ்இ-க்கு அர்த்தம் உண்டு. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. பங்குக் கூலியில் வாழும் கடல் குடும்பத்துக்கு இது பெரிய ஆபத்து. ஒரு தடவை படகு எல்லையில் பிடிபட்டால் அந்த வருடக் கணக்கே தலைகீழ்.

தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009 சட்டப்படி குழு இருக்கிறது. நிர்ணயித்த கட்டண விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். பாக்கி வைத்தால் டிசி தரமாட்டார்கள் என்ற பயத்தில் கடன் வாங்கிக் கடன் வாங்கி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிசி இல்லாவிட்டாலும் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் சட்டம். டிசியை நிறுத்தி வைத்துக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பலர் இந்த வழிக்குள் நுழைவது ஒன்றாம் வகுப்பில் இல்லை, எல்கேஜியில். அரசுப் பள்ளிகளில் மிகச் சிலவற்றில்தான் எல்கேஜி இருக்கிறது. மூன்று வயதில் வேன் ஏறிய பிள்ளை ஐந்து வயதில் ஊர்ப் பள்ளிக்குத் திரும்புவது அபூர்வம். கல்விச் சீர்திருத்தம் பேசுகிற எந்தக் கட்சியானாலும் நான் கேட்பது இதுதான்: கடற்கரை ஒன்றியங்களில் எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் எல்கேஜி, அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்.

## ஒரே பார்வையில்

| | அரசு | அரசு உதவி (தமிழ் வழி) | ஆர்டிஇ | கட்டணம் கட்டி |
|---|---|---|---|---|
| ஜூனில் கையிலிருந்து | ஏறக்குறைய இல்லை | குறைவு, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் | சீருடை, புத்தகம், வேன் | எல்லாம் |
| காலை உணவு (1 முதல் 5) | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |
| ஆசிரியர் நிலைப்பு | மாறுதலால் ஆட்டம் | நல்லது | பள்ளிக்குப் பள்ளி மாறும் | பள்ளிக்குப் பள்ளி மாறும் |
| மருத்துவ 7.5 ஒதுக்கீடு | 6 முதல் 12 வரை படித்தால் | இல்லை | 9 முதல் அரசுப் பள்ளி என்றால் | இல்லை |
| மாதம் 1,000 உதவித்தொகை | உண்டு | உண்டு | ஆறிலிருந்து அரசுப் பள்ளி இல்லை என்றால் விசாரிக்கவும் | இல்லை |
| நிதித் தகராறில் அடிபடுவது | மானியம், சிறப்பாசிரியர் | அதேபோல், குறைவாக | சேர்க்கையே | நேரடியாக இல்லை |

## சேர்க்கப் போகும் முன்

எங்கள் ஊரில் என்னிடம் கேட்டால் ஐந்து வரை ஊர்ப் பள்ளி, ஆறிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளி என்றுதான் சொல்வேன். என் மகளை அப்படித்தான் சேர்த்திருக்கிறேன். மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், அதில் பாதிக்குமேல் பெண்கள். ஆசிரியர் இடம் காலி என்றால் குழுவில் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். நாங்கள் மூன்று முறை அனுப்பிய பிறகுதான் ஆள் வந்தார், ஆனால் வந்தார்.

அரசுப் பள்ளிச் சேர்க்கைக்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். 2025-ல் மார்ச் 1-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. பிறப்புச் சான்று இருந்தால் கொண்டு போங்கள். புயலில் போய்விட்டது, எடுக்கவே இல்லை என்றாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம். இந்த வருடம் எங்கள் பள்ளியில் இப்போதைக்கு 58 பெயர் இருக்கிறது. பனங்காட்டில் தங்கியிருக்கும் இரண்டு குடும்பங்களிடம் ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம், அங்கே பள்ளி வயதில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்.